வளர்ந்து வரும் எதிரணியை எடை போடுவது எப்படி?

2025 ஏப்ரல் 26 அன்று மீன்பிடித் தடைக்காலத்தின் பன்னிரண்டாம் நாள். தங்கச்சிமடத்தில் எங்கள் வலைக் கொட்டகையில் கிழிந்த வலைகளைப் பொத்தி முடித்தவர்கள், காலி மீன் பெட்டி ஒன்றின் மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, இங்கிலாந்து கால்பந்து லீக் ஆட்டங்களின் கோல் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் வந்தது எனக்கான செய்தி. நான் நேசிக்கும் வேல்ஸ் அணியான கார்டிஃப் சிட்டி சொந்த மைதானத்தில் வெஸ்ட் புரோம் அணியுடன் கோல் இல்லாமல் சமநிலையில் முடித்து, இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பிலிருந்து மூன்றாம் அடுக்கான லீக் ஒன்னுக்கு இறங்கியது. 2003-க்குப் பிறகு கார்டிஃப் அந்த அடுக்கைப் பார்த்ததில்லை. நள்ளிரவை ஒட்டி அடுத்த செய்தி வந்தது. இன்னொரு வேல்ஸ் அணியான ரெக்ஸம் சார்ல்டனை 3–0 என்று வென்று, தொடர்ந்து மூன்றாவது ஆண்டாக ஒரு படி ஏறி, கார்டிஃப் காலி செய்த அதே சாம்பியன்ஷிப்புக்குள் நுழைந்தது. “மாமா, நீங்க இறங்கி வர்ற படியிலதான் நாங்க ஏறிப் போறோம்” என்றான் என் அக்காள் மகன்.

அன்று தொடங்கிய வாக்குவாதம் படகுகள் மீண்டும் கடலுக்குப் போகும் வரை ஓயவில்லை. இடையில் பத்து நாட்கள் நானும் அவனும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ரெக்ஸமை வாங்கியவர்கள் ஹாலிவுட் நடிகர்கள் இருவர்; அந்த அணியைப் பற்றி ஒரு தொலைக்காட்சித் தொடரும் வந்தது. “உன் அணி சினிமாக்காரர்களின் விளையாட்டுச் சாமான்” என்று நான் சொன்னது அவனுக்கு வலித்தது. “உங்கள் அணி செத்த அணி” என்று அவன் சொன்னது எனக்கு வலித்தது. பிறகு ஆற அமர யோசித்தபோது, நாங்கள் இருவருமே எதைப் பற்றி வாதாடுகிறோம் என்பதையே தீர்மானிக்காமல் வாதாடியிருக்கிறோம் என்று புரிந்தது. வளர்ந்து வரும் எதிரணி ஒன்றின் எதிர்காலத்தையும் அதன் ஆதரவையும் எப்படிச் சரியாக அளப்பது என்பதை, ரெக்ஸமையே எடுத்துக்காட்டாக வைத்து இங்கே எழுதுகிறேன். பாம்பனிலிருந்து கீழக்கரை வரை, வெளிநாட்டு கிளப் ஒன்றை நேசித்து இரவெல்லாம் விழித்திருக்கும் எவருக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் கேள்வியைப் பிரியுங்கள்

“ரெக்ஸம் பிரீமியர் லீக்குக்குப் போகும்” என்று ஒருவர் சொன்னால், அது அணியின் வலிமை, பணம், நிர்வாகம் ஆகியவற்றைப் பற்றிய கூற்று. அதற்கு மற்றவர், “உங்கள் ரசிகர்கள் எல்லாம் தொலைக்காட்சித் தொடர் பார்த்து வந்தவர்கள்” என்று பதில் சொன்னால், அது ஆதரவைப் பற்றிய கூற்று. முதல் கூற்றை இரண்டாவது கூற்று தொடவே இல்லை. ரசிகர்கள் நேற்று வந்தவர்களாகவே இருந்தாலும் அணி மேலே போகலாம். நூறாண்டு காலக் குடும்ப ரசிகர்கள் இருந்தாலும் அணி கீழே விழலாம் என்பதற்குக் கார்டிஃப்பே சாட்சி. ஆகவே வாதம் தொடங்கும்போதே, இன்று எதிர்காலத்தைப் பேசுகிறோமா, ஆதரவைப் பேசுகிறோமா என்று கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டையும் ஒரே மாலையில் பேசலாம், ஆனால் ஒன்றை முடித்த பிறகே மற்றதைத் தொட வேண்டும்.

வேல்ஸ் என்ற நாட்டின் அளவையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அதன் மக்கள்தொகை முப்பது லட்சத்துக்குச் சற்று மேல். 2011 கணக்குப்படி நம் ராமநாதபுரம் மாவட்டத்தைப் போல் இரு மடங்குக்குக் கொஞ்சம் அதிகம். ரெக்ஸம் நகரம் ஏறத்தாழ 45,000 பேர் கொண்டது, அதாவது நம் ராமேஸ்வரம் நகராட்சி அளவுதான். அந்த நாட்டின் பெரும்பாலான கிளப்புகள் வேல்ஸின் சொந்த லீக்கில் ஆட, கார்டிஃப், ஸ்வான்ஸி, நியூபோர்ட், ரெக்ஸம் போன்ற சில மட்டும் வரலாற்றுக் காரணங்களால் இங்கிலாந்து லீக்கில் ஆடுகின்றன. கார்டிஃப்பும் ஸ்வான்ஸியும் தென்கரையில் அடுத்தடுத்து இருப்பதால் அவற்றின் பகை பழையது. ரெக்ஸம் வடகிழக்கில், இங்கிலாந்து எல்லையை ஒட்டி இருக்கிறது. அதன் பிறவிப் பகை எல்லைக்கு அப்பால் உள்ள செஸ்டர் நகர அணியோடுதான். கார்டிஃப் ரசிகருக்கு ரெக்ஸம் மீது இப்போது வரும் எரிச்சல், பழைய பகையைவிட, தம்பி திடீரென்று அண்ணனைத் தாண்டும்போது வரும் எரிச்சலுக்கே நெருக்கமானது. இதை உணர்ந்துகொண்டால் வாதத்தில் பாதிச் சூடு தணிந்துவிடும்.

எதிர்காலத்தை அளக்கும் முறை

ஏணியைத் தெரிந்துகொள்வதிலிருந்து தொடங்குங்கள். மேலே 20 அணிகளைக் கொண்ட பிரீமியர் லீக். அதன் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ, நேஷனல் லீக் என்று ஒவ்வொன்றிலும் 24 அணிகள். இந்த நான்கு அடுக்கிலும் ஒரு பருவத்தில் ஒவ்வோர் அணியும் 46 ஆட்டங்கள் ஆடும். வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1. ரெக்ஸம் 2008-இல் லீக் டூவிலிருந்து நேஷனல் லீக் அடுக்குக்கு விழுந்து, அங்கிருந்து எழ 15 ஆண்டுகள் ஆயின. 2023, 2024, 2025 என்று மூன்று ஆண்டுகள் அடுத்தடுத்து மேலேறியது. முதல் ஐந்து அடுக்குகளில் இப்படி மூன்று முறை தொடர்ந்து உயர்ந்த கிளப் அதற்கு முன் இருந்ததில்லை.

அடுத்து, ஏறினார்கள் என்பதோடு நின்றுவிடாமல், எவ்வளவு வலுவோடு ஏறினார்கள் என்று பாருங்கள். இதற்கு மொத்தப் புள்ளியை ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். 2022-23-இல் ஐந்தாம் அடுக்கில் ரெக்ஸம் எடுத்தது 111 புள்ளி, ஆட்டத்துக்கு 2.41. மறு ஆண்டு நான்காம் அடுக்கில் 88 புள்ளி, ஆட்டத்துக்கு 1.91. அதற்கு மறு ஆண்டு மூன்றாம் அடுக்கில் 92 புள்ளி, ஆட்டத்துக்குச் சரியாக 2. ஒரு படி மேலே போனால் எதிரிகள் வலுவடைவார்கள், ஆகவே எண் குறையத்தான் வேண்டும். நான்காம் அடுக்கிலிருந்து மூன்றாம் அடுக்குக்குப் போனபோது அது கூடியிருக்கிறது. அணியின் தரம் உண்மையிலேயே உயர்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை, இதைக் கார்டிஃப் ரசிகனாகிய நானே ஒப்புக்கொள்கிறேன். அதே அட்டவணையில் என் மருமகன் கவனிக்காமல் விட்ட இன்னொரு வரியும் உண்டு. அந்தப் பருவத்தில் முதலிடம் பிடித்த பர்மிங்ஹாம் சிட்டி 111 புள்ளி எடுத்தது, ரெக்ஸமை விட 19 அதிகம். மூன்றாம் இடத்தில் இருந்த ஸ்டாக்போர்ட்டோ 87, ரெக்ஸமுக்கு 5 மட்டுமே குறைவு. அட்டவணையை மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் படித்த பிறகே பேச வேண்டும்.

மூன்றாவதாக, அணியை மாற்றிக் கட்டும் துணிவு நிர்வாகத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள். மேலேறும் கிளப்புகளில் பல இங்கேதான் இடறுகின்றன, ஏனென்றால் ஏற்றிவிட்ட ஆட்டக்காரர்களை விட மனம் வருவதில்லை. ஐந்தாம் அடுக்கில் ஒரே பருவத்தில் லீக்கில் மட்டும் 38 கோல் அடித்த பால் மல்லின், ரெக்ஸம் நகரத்தின் செல்லப்பிள்ளை. 2025 கோடையில் அவரே விகன் அணிக்குத் தற்காலிகமாக அனுப்பப்பட்டார். பத்துக்கும் மேற்பட்ட புதியவர்கள் வந்தார்கள். ரசிகனுக்கு இது வருத்தம்தான், ஆனால் எதிர்காலத்தை அளப்பவருக்கு இது வலுவான அறிகுறி. பயிற்சியாளர் விஷயத்திலும் இதே கணக்கு. 2021-இல் வந்த ஃபில் பார்கின்சன்தான் மூன்று உயர்வுகளையும் நடத்திக் கொடுத்தார். கார்டிஃப் இறங்கிப்போன அந்த 2024-25 பருவத்தில் மட்டும் எங்கள் அணியை வழிநடத்தியவர்கள் மூன்று பேர். (பார்கின்சன் பெயர் ஸ்வான்ஸி ரசிகர்களுக்கும் பழக்கமானது. 2013 லீக் கோப்பை இறுதியில் ஸ்வான்ஸி 5–0 என்று வென்றபோது எதிரில் இருந்த பிராட்ஃபோர்ட் அணிக்குப் பயிற்சியாளர் அவர்தான்.)

பிறகு பணம். இதில்தான் எங்கள் வாதம் மிகவும் கெட்டுப்போனது, ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஏலக்கூடத்தில் நண்டையோ இறாலையோ கூடையோடு தராசில் வைத்தாலும், கூடையின் எடையைக் கழித்த பிறகுதான் கணக்கு எழுதுவோம்; ஐஸ் ஒட்டியிருந்தால் உதறிவிட்டுத்தான் வைப்போம். கிளப்பின் பணத்தையும் அப்படியே பிரித்துப் பார்க்க வேண்டும். உரிமையாளர் தம் பையிலிருந்து போடும் பணம் ஒன்று; கிளப் தானே சம்பாதிக்கும் பணம் வேறு. ஹாலிவுட் நடிகர்களான ரையன் ரெனால்ட்ஸும் ராப் மெக்கெல்ஹென்னியும் 2021 பிப்ரவரியில் ரெக்ஸமை ஏற்றபோது 20 லட்சம் பவுண்டு முதலீடு செய்வதாக உறுதி அளித்தார்கள். அந்தத் தொகை மட்டும் என்றால் அது நீண்ட நாள் தாங்காது. ஆனால் கிளப்பைப் பற்றிய ஆவணத் தொடர் ஒளிபரப்பானதும் விளம்பர நிறுவனங்கள் வந்தன, அமெரிக்காவில் ஜெர்சி விற்றது, கிளப்பின் ஆண்டு வருமானம் 2022-23-இல் சுமார் 1 கோடியே 5 லட்சம் பவுண்டாக இருந்தது 2023-24-இல் சுமார் 2 கோடியே 67 லட்சம் பவுண்டாக ஆனது. இது உரிமையாளரின் கொடை இல்லை, கிளப்பின் சம்பாத்தியம். “சினிமாக்காரர்கள் காசைக் கொட்டுகிறார்கள்” என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது பாதிதான் உண்மை.

மீதிப் பாதியையும் கேட்க வேண்டும். கேமரா போய்விட்டால் அந்தச் சம்பாத்தியத்தில் எவ்வளவு தங்கும்? இதற்கு விடை மைதானத்தில் இருக்கிறது. ரெக்ஸமின் ரேஸ்கோர்ஸ் மைதானம், வேல்ஸ் அணி 1877-இல் ஆடியதிலிருந்து இன்றுவரை சர்வதேச ஆட்டம் நடக்கும், உலகிலேயே பழமையான சர்வதேசக் கால்பந்து மைதானம். பெருமை பெரிது, இடம் சிறிது. உயர்ந்து வந்த இந்த ஆண்டுகளில் அது பத்தாயிரத்திலிருந்து பதின்மூவாயிரத்துச் சொச்சம் பேர் வரைதான் கொண்டது. காப் எனப்படும் பார்வையாளர் மேடையை 5,500 இருக்கைகளுடன் புதிதாகக் கட்ட முதலில் திட்டமிட்டார்கள்; பிறகு அந்தத் திட்டத்தைப் பெரிதாக்கினார்கள். 2009-இல் திறந்த கார்டிஃப் சிட்டி ஸ்டேடியம் 33,000-க்கு மேல் கொள்ளும். படப்பிடிப்பு நின்ற பிறகும் வாரா வாரம் வருமானம் தருவது இருக்கைகள்தான், ஆகவே எதிரணியின் பத்தாண்டு எதிர்காலத்தைக் கணிக்க விரும்புபவர் கோல்களைவிடக் கட்டுமானத்தைக் கவனிக்க வேண்டும். மேலும் சாம்பியன்ஷிப்பில் ஒரு கிளப் மூன்று ஆண்டுகளில் காட்டக்கூடிய நஷ்டத்துக்கு 2025-இல் 3 கோடியே 90 லட்சம் பவுண்டு என்ற வரம்பு இருந்தது. பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கி வரும் அணிகள் சில ஆண்டுகள் வரை தனி உதவித்தொகையோடு அதே களத்தில் நிற்கின்றன. இந்தச் சுவரில் முட்டிக்கொள்ளாமல் ஏறியவர்கள் குறைவு.

கடைசியாக, முன்னால் இதே வேகத்தில் ஏறியவர்கள் என்ன ஆனார்கள் என்று பாருங்கள். வேல்ஸிலேயே உதாரணம் இருக்கிறது, அதை என் ஸ்வான்ஸி மச்சான்தான் எடுத்து வைத்தார். பயிற்சியாளர் ஜான் டொஷாக்கின் கீழ் ஸ்வான்ஸி 1978, 1979, 1981 என்று நான்கு ஆண்டுகளில் மூன்று முறை உயர்ந்து, நான்காம் டிவிஷனிலிருந்து (அடுக்குக்கு அன்றைய பெயர் அது) முதல் டிவிஷனுக்குப் போய், 1981-82-இல் நாட்டிலேயே ஆறாவதாக முடித்தது. 1986-இல் மீண்டும் நான்காம் டிவிஷனில் இருந்தது. இடையில் கடன் கழுத்தை நெரித்தது. 1985 இறுதியில் கிளப்பைக் கலைக்கும் உத்தரவு வரை போனது. லூட்டன் டவுன் 2014-இல் ஐந்தாம் அடுக்கிலிருந்து புறப்பட்டு 2023-இல் பிரீமியர் லீக்கை எட்டி, 2024-இலும் 2025-இலும் அடுத்தடுத்து இறங்கிவிட்டது. எதிர்ப்பக்கத்தில் போர்ன்மத் இருக்கிறது: 2010-இல் நான்காம் அடுக்கில் இருந்து மேலேறிய அணி 2015-இல் உச்சத்தைத் தொட்டது, ஒரு முறை விழுந்து மீண்டும் ஏறியது. இரண்டு வகை உதாரணங்களையும் வைத்துப் பேசுங்கள். தமக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுப்பவரோடு எவரும் மறுநாள் பேச வரமாட்டார்கள்.

ஆதரவை அளக்கும் முறை

அண்ணன் மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தவர். 2013-இல் ஊருக்கு வந்தபோது, மார்பில் மலேசியா என்று எழுதிய சிவப்பு ஜெர்சி ஒன்றை எனக்குக் கொண்டுவந்தார். கார்டிஃப்பின் உரிமையாளர் வின்சென்ட் டான் மலேசியத் தொழிலதிபர் என்பதால் அங்கே அந்த அணியின் பேச்சு அதிகம். அந்த ஆண்டுதான் கார்டிஃப் சாம்பியன்ஷிப்பை வென்று முதல்முறையாகப் பிரீமியர் லீக்குக்குப் போனது. கடலுக்குப் போகும்போதுகூட நான் அந்தச் சிவப்புச் சட்டையைப் போட்டேன், கழுத்துப் பட்டை உப்பேறி வெளுக்கும் வரை. நீலப்பறவைகள் என்று பெயர் பெற்ற அந்த அணியின் நிறம் தலைமுறை தலைமுறையாக நீலம் என்பதும், 2012-இல் உரிமையாளர் அதைச் சிவப்பாக மாற்றியதில் அந்த ஊர் மக்கள் மனம் நொந்து போராடினார்கள் என்பதும், 2015 ஜனவரியில்தான் நீலம் திரும்பியது என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. என் முதல் அன்பே அவர்களுடைய காயத்தின் நிறத்தில் இருந்திருக்கிறது. தூரத்து ஆதரவு என்பது உண்மையானதுதான், ஆனால் அது உள்ளூர் ஆதரவின் இடத்தில் நிற்க முடியாது என்பதை அந்தச் சட்டையிலிருந்துதான் படித்துக்கொண்டேன்.

ஆகவே எதிரணியின் ஆதரவை அளக்கும்போது, வெற்றிக் காலத்துக் கூட்டத்தை முதலில் கழித்துவிட்டு, தோல்விக் காலத்தில் யார் நின்றார்கள் என்று பாருங்கள். ரெக்ஸம் இந்தச் சோதனையில் எந்தக் கிளப்புக்கும் குறைந்ததல்ல. நடிகர்கள் வருவதற்குப் பத்தாண்டு முன்பே, 2011-இல், கிளப் ஆடவே முடியாத நிலை வந்தது. லீக் கேட்ட வைப்புத்தொகைக்காக ரசிகர்கள் மைதான வாசலுக்கு வந்து ஒரே நாளில் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்த்துக் கொடுத்தார்கள். அதன்பின் ரசிகர்களின் அறக்கட்டளையே கிளப்பை வாங்கி நடத்தியது. 2013-இல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில், மேலேறும் இடத்தைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃப் இறுதிவரை போய், அங்கே இன்னொரு வேல்ஸ் அணியான நியூபோர்ட்டிடம் 0–2 என்று தோற்றுத் திரும்பினார்கள். அப்படியும் அடுத்த பருவத்தில் மைதானத்துக்கு வந்தார்கள். 2020-இல் நடிகர்களுக்குக் கிளப்பைக் கொடுப்பதா என்று முடிவு செய்ததும் அந்த உறுப்பினர்கள்தான். 98 விழுக்காட்டுக்கும் மேல் சம்மதித்து வாக்களித்தார்கள். விலைக்கு வாங்கப்பட்ட ரசிகர்கள் என்று அவர்களை ஒருவர் சொன்னால், இந்த வரலாறு அவருக்குத் தெரியாது என்றே பொருள்.

இன்னும் ஆழமாகப் போனால் 1934 செப்டம்பர் 22 வருகிறது. ரெக்ஸம் அருகே கிரெஸ்ஃபோர்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் அன்று அதிகாலை வெடிப்பு ஏற்பட்டு 266 பேர் இறந்தார்கள். அன்று பிற்பகல் ரெக்ஸமுக்கும் டிரான்மியர் அணிக்கும் ஆட்டம் இருந்தது; அதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே சிலர் இரவு முறை வேலையை மாற்றி எடுத்திருந்தார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதைப் பாட்டிமார் வாயால் கேட்டு வளர்ந்த நமக்கு, ஒரு ஊர் தன் இறந்தவர்களை எப்படிச் சுமக்கும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஊரின் அணியை “விளையாட்டுச் சாமான்” என்று நான் சொன்னதற்காக என் மருமகனிடம் மன்னிப்புக் கேட்டேன். எதிரணியின் ஊரைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த ஊரின் துக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள் என்பதை இந்த வழிகாட்டியின் மிக முக்கியமான வரியாக எடுத்துக்கொள்ளலாம்.

கூட்டத்தின் எண்ணிக்கையை ஒப்பிடும்போது தலைகளை மட்டும் எண்ணாமல் காலி இருக்கைகளையும் எண்ண வேண்டும். ரெக்ஸம் ஐந்தாம் அடுக்கில் இருந்த 2022-23-இலேயே சராசரியாகச் சுமார் பத்தாயிரம் பேர் வந்தார்கள், இடம் அவ்வளவுதான். கார்டிஃப்புக்கு அதைவிட அதிகம் பேர் வந்தாலும் நீல இருக்கைகள் பல காலியாகவே தெரிந்தன. நிரம்பி வழியும் சிறு மைதானமும் பாதி நிரம்பிய பெரு மைதானமும் சொல்லும் கதை வேறு வேறு. ஒரு கார்டிஃப் ரசிகர் தம் பெரிய எண்ணைக் காட்டி வெல்வதும், ஒரு ரெக்ஸம் ரசிகர் தம் நிரம்பிய மைதானத்தைக் காட்டி வெல்வதும் நேர்மையான வெற்றி ஆகாது. ரேஸ்கோர்ஸில் 1957 ஜனவரியில் மான்செஸ்டர் யுனைடெட் ஆடிய எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்துக்கு 34,445 பேர் திரண்டார்கள். அந்த வட்டாரத்தில் தேவை எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதற்கு அந்த ஓர் எண் போதும்.

நம்மைப் போன்ற தூரத்து ரசிகர்களை எப்படி எடை போடுவது? தங்கச்சிமடத்தில் அமர்ந்து கார்டிஃப்பை நேசிக்கும் நான், இதே ஊரில் அமர்ந்து ரெக்ஸமை நேசிப்பவனை “புதியவன்” என்று ஒதுக்குவதற்கு எனக்கு எந்த உரிமையும் இல்லை. அவன் தொடரைப் பார்த்து வந்தான், நான் சட்டையைப் போட்டு வந்தேன். தோற்ற வாரத்திலும் அவன் ஆட்டத்தைத் தேடிப் பார்க்கிறானா என்பது ஒன்றே சரியான சோதனை. அவன் பார்க்கிறான்.

வாதாடும் முறை

ஒரே ஒரு கோப்பை ஆட்டத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 2025 அக்டோபரில் ஓர் அடுக்கு கீழே இருந்த கார்டிஃப், லீக் கோப்பைக்காக ரேஸ்கோர்ஸுக்கே போய் 2–1 என்று வென்றது. எனக்கு ஒரு வாரம் தரையில் கால் பாவவில்லை. ஆனாலும் அந்த வெற்றியை வைத்துக் கார்டிஃப் பெரிய அணி என்று நிரூபிக்க முடியாது. அப்படியானால் 1992 ஜனவரியில் நடப்புச் சாம்பியனான ஆர்சனலை மிக்கி தாமஸின் ஃப்ரீ கிக்கோடு 2–1 என்று வீழ்த்திய நான்காம் டிவிஷன் ரெக்ஸமை அன்றைய நாட்டின் தலைசிறந்த அணி என்று சொல்ல வேண்டி வரும். பழம்பெருமையையும் அளவோடு பயன்படுத்துங்கள். 1927-இல் எஃப்.ஏ. கோப்பையை இங்கிலாந்துக்கு வெளியே கொண்டுபோன ஒரே அணி கார்டிஃப் என்பதை நான் ஒவ்வொரு மாலையும் சொல்லத்தான் விரும்புகிறேன். ஆனால் அது அடுத்த ஆண்டின் புள்ளிகளைக் கூட்டாது என்பதால் எதிர்காலத்தைப் பேசும் மாலைகளில் சொல்வதில்லை.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். சனிக்கிழமை அங்கே பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டம், மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நமக்கு இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. பாக் நீரிணைப் பக்கத்து விசைப்படகுகளுக்குச் சனிக்கிழமை கடலுக்குப் போகும் நாள் என்பதால், பெரும்பாலான ஆட்டங்களை நாம் ஞாயிறு காலை கரை சேர்ந்த பிறகு தெரிந்துகொள்கிறோம். களைப்போடு மீன் இறக்கிக்கொண்டிருப்பவரிடம் ஏலம் முடியும் முன் தோல்விச் செய்தியைச் சொல்லிச் சீண்டுவது சண்டையில்தான் முடியும். குளித்துச் சாப்பிட்டுத் தூங்கி எழட்டும்.

எங்கள் கொட்டகையில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது, அதை எல்லாருக்கும் பரிந்துரைக்கிறேன். டீசல், ஐஸ் கணக்கு எழுதும் நோட்டைப் போல ஒன்றைத் தனியாக வாங்குங்கள். ஆகஸ்டில் பருவம் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் இரண்டு வரி எழுத வேண்டும்: தம் அணி எந்த இடத்தில், எத்தனை புள்ளியோடு முடிக்கும், எதிரணி எந்த இடத்தில், எத்தனை புள்ளியோடு முடிக்கும் என்று, அதற்கான ஒரு காரணத்தோடு. தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும், அடித்துத் திருத்தக் கூடாது. ஜனவரியில் ஆட்டக்காரர்களை வாங்கும் காலம் முடிந்ததும், விரும்பினால் கீழே ஒரு வரி சேர்க்கலாம். பிறகு நோட்டை வலைப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும்.

ஏப்ரல் 15 அன்று படகுகள் கட்டப்பட்ட மாலை, அங்கே இன்னும் சில ஆட்டங்களே மீதி இருக்கும்போது, நோட்டை எடுங்கள். தம்முடையதைத் தாமே படிக்கக் கூடாது. மாமன் எழுதியதை மருமகன் படிக்க வேண்டும். மருமகன் எழுதியதை மாமன் படிக்க வேண்டும். காரணத்தையும் விடாமல், சத்தமாக.